எல்லாம் உளவுத்துறை வேலைதானா? எது நடந்தது, எது கட்டின கதை?

நொய்யல்கரை (திருப்பூர்) | ஞாயிறு, இரவு 9:40

போன வாரம் பல்லடத்தில் பெரியம்மா வீட்டு நோம்பி. ஒரம்பரை நிறைய. கறிச்சோறு முடிந்து வேப்பமரத்தடியில் கட்டில் போட்டு உட்கார்ந்ததும் எங்கள் மாமா போனை எடுத்து ஒவ்வொன்றாகப் படிக்க ஆரம்பித்தார். நேதாஜி விமான விபத்தில் சாகவில்லை. ராஜீவைக் கொன்றது வேறு ஆள். வீரப்பனுக்கு முந்தியே விஷம் வைத்தாச்சு. இலங்கையில் ஆட்சி கவிழ்ந்தது, வங்கதேசத்தில் கவிழ்ந்தது, அடுத்து இங்கேதான். எல்லாவற்றுக்கும் ஒரே கை. ஒன்று அமெரிக்க உளவுத்துறை, இல்லையென்றால் நம்ம உளவுத்துறை. மாமா கூட்டுறவு சங்கத்தில் முப்பது வருஷம் கணக்கு எழுதியவர். ஒரு ரூபாய் இடித்தாலும் வவுச்சர் எங்கே என்று கேட்பவர். இந்தச் செய்திகளுக்கு மட்டும் அவர் வவுச்சர் கேட்காதது எனக்கு ஆறவே இல்லை.

எனக்கு இது வெறும் வாய்ப்பேச்சும் இல்லை. 2023 மார்ச் முதல் வாரம். என் பனியன் யூனிட்டில் அப்போது பதினோரு பையன்கள், பீகாரும் ஜார்க்கண்டும். ராத்திரி எட்டரை மணிக்கு ஓவர்லாக் மிஷின் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. கரண்ட் போய்விட்டதோ என்று எட்டிப் பார்த்தால் லைட் எரிகிறது, எல்லாரும் ஒரே போனைச் சுற்றி நிற்கிறார்கள். தெருவில் ஒருவரைப் போட்டு அடிக்கும் வீடியோ. தமிழ்நாட்டில் இந்தி பேசுகிறவர்களைத் தேடித் தேடிக் கொல்கிறார்கள் என்று கீழே எழுதியிருந்தது. கட்டிங்கில் இருந்த பையனுக்கு அவன் அம்மா ஊரிலிருந்து கூப்பிட்டார். அவன் பேச முடியாமல் போனை என்னிடம் நீட்டினான். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் "ஒன்றும் இல்லைம்மா, பையன் நல்லா இருக்கான்" என்றேன். அந்தம்மா நம்பவில்லை. நான் மிரட்டிப் பேச வைக்கிறேன் என்று நினைத்து அழுதார்.

விடிந்ததும் ஐந்து பேர் பையைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய்விட்டார்கள். ஹோலி நேரம் வேறு, ஊருக்குப் போகிறவர்கள் யார், பயந்து போகிறவர்கள் யார் என்று பிரிக்கவே முடியவில்லை. அந்த வீடியோக்களில் ஒன்று வடமாநிலத் தொழிலாளர்கள் தங்களுக்குள் போட்ட அடிதடி, இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்கள் சண்டை என்று டி.ஜி.பி. சொன்னார். பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து பார்த்துவிட்டுப் போனது. அதற்குள் ஊரில் பாதிப் பேர் "இது மத்திய உளவுத்துறை வேலை" என்றார்கள், மீதிப் பேர் "மாநில உளவுத்துறை வேலை" என்றார்கள். கடைசியில் வழக்கில் மாட்டியவர்கள் யூடியூபிலும் சமூக ஊடகத்திலும் போட்டவர்கள்தான்.

அதனால்தான் கேட்கிறேன். உளவுத்துறைகள் அரசியலில் கை வைப்பது பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எது நிஜமாக நடந்தது, எது கட்டினது என்று நம்மைப் போன்ற ஆட்கள் எதை வைத்துப் பிரிப்பது? தெரிந்தவர்கள் பொறுமையாக எழுதுங்கள்.

---

கூடுதுறை (பவானி) | ஞாயிறு, இரவு 10:15

உங்கள் மாமாவை ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள் தம்பி. ஈரானில் 1953-ல் பிரதமர் மொசாடெக் ஆட்சியைக் கவிழ்த்தது அமெரிக்க உளவுத்துறையான சி.ஐ.ஏ. என்று சொன்னவர்களையும் ஒரு காலத்தில் இப்படித்தான் பார்த்தார்கள். அறுபது வருஷம் கழித்து, 2013-ல், சி.ஐ.ஏ.வின் சொந்த ஆவணமே அதை ஒத்துக்கொண்டது.

நம் நாட்டிலேயே நந்தா தேவி கதை இருக்கிறது. சீனாவின் அணுகுண்டுச் சோதனையை வேவு பார்க்க சி.ஐ.ஏ.வும் நம் உள்நாட்டு உளவு அமைப்பான ஐ.பி.யும் சேர்ந்து 1965-ல் அந்த மலைக்கு ஒரு கருவியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அதற்கு மின்சாரம் கொடுப்பது புளூட்டோனியம். பனிப்புயல் வந்ததும் நடுவழியிலேயே கட்டிவைத்துவிட்டு இறங்கினார்கள். அடுத்த வருஷம் போய்ப் பார்த்தால் காணோம். இன்று வரை கிடைக்கவில்லை. கங்கைக்குத் தண்ணீர் தரும் மலையில் புளூட்டோனியம் கிடக்கிறது என்று 1966-ல் யாராவது சொல்லியிருந்தால் நாம் நம்பியிருப்போமா? 1978-ல் மொரார்ஜி தேசாய் பாராளுமன்றத்திலேயே ஒத்துக்கொண்டார்.

எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே சொல்கிறேன். மேட்டூரைத் தாண்டினால் கொளத்தூர். 80-களில் அங்கே புலிகளின் பயிற்சி முகாம் இருந்தது. அதே காலத்தில் டேராடூன் பக்கம் சக்ராதாவில் ஈழ இயக்கப் பையன்களுக்கு நம் வெளிநாட்டு உளவு அமைப்பான ரா பயிற்சி கொடுத்தது. டெல்லி வெளியில் சொன்னது என்ன? அப்படி எந்தப் பயிற்சியும் இந்திய மண்ணில் இல்லை என்று. இங்கே டீக்கடையில் டம்ளர் கழுவும் பையனுக்குத் தெரிந்த விஷயத்தைப் பாராளுமன்றத்தில் இல்லை என்றார்கள். அப்படிப் பார்த்து வளர்ந்தவனிடம் "அரசாங்கம் சொல்வதை நம்பு" என்றால் எப்படி நம்புவான்?

---

விழித்திருப்போன் (சேலம்) | ஞாயிறு, இரவு 10:31

அண்ணா சொன்னது நூற்றுக்கு நூறு. எல்லாமே ஒரு நூல்தான், இழுத்தால் எல்லாம் வரும். நேதாஜியில் ஆரம்பித்து வங்கதேசம் வரைக்கும் டீப் ஸ்டேட், மறைவில் இருந்து ஆட்டி வைக்கிற கூட்டம். அமெரிக்கா நம் தேர்தலுக்கு 21 மில்லியன் டாலர் அனுப்பியதை அவர்களே ஒத்துக்கொண்டார்கள். இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?

---

ராம்நகர் வக்கீல் (கோவை) | திங்கள், காலை 7:05

கூடுதுறை அண்ணன் சொன்ன மூன்றும் நடந்தவை. அந்த மூன்றும் ஒரு நூலில் வரும் என்று விழித்திருப்போன் தம்பி சொல்வதைத்தான் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

முதலில் அந்த 21 மில்லியன். 2025 பிப்ரவரியில் அமெரிக்க அரசு, இந்தியாவில் வாக்குப்பதிவை உயர்த்த ஒதுக்கியிருந்த தொகையை நிறுத்தியதாக அறிவித்தது. இங்கே எல்லாக் கட்சியும் ஒருவரை ஒருவர் கை காட்டியது. சில நாளில் ஒரு ஆங்கில நாளிதழ் கணக்கை எடுத்துப் பார்த்து, 2022-ல் ஒதுக்கிய அந்தப் பணம் வங்கதேசத்துக்கு என்று எழுதியது. நம் நிதி அமைச்சகத்தின் ஆண்டறிக்கையில் அமெரிக்க அரசின் உதவி நிறுவனமான யு.எஸ்.எய்ட் இங்கே பணம் கொடுத்த ஏழு திட்டங்களின் பட்டியல் இருக்கிறது. அதில் வாக்குப்பதிவு என்று ஒன்றும் இல்லை. முதல் செய்தி எல்லா குரூப்பிலும் வந்தது. இரண்டாவது செய்தி உங்கள் குரூப்பில் வந்ததா தம்பி? நிஜமாகவே கேட்கிறேன்.

இப்போது நிஜமாகவே பணம் வந்த கதை. டெல்லியில் அமெரிக்கத் தூதராக இருந்த மொய்னிஹான் 1978-ல் வெளியான தன் புத்தகத்தில் எழுதினார்: இந்திய அரசியலில் ஒரு கட்சிக்குப் பணம் கொடுக்கும் அளவுக்கு அமெரிக்கா இரண்டு முறை போனது, ஒன்று கேரளம், ஒன்று மேற்கு வங்காளம், இரண்டும் கம்யூனிஸ்டுகள் ஜெயித்துவிடுவார்கள் என்ற பயத்தில், கேட்டு வாங்கியது காங்கிரஸ். ஒரு முறை இந்திராவின் கையிலேயே கொடுத்ததாகவும் எழுதினார். இந்திரா மறுத்தார். எழுதியவர் பதவியில் இருந்தவர், கட்சி தெரிகிறது, மாநிலம் தெரிகிறது, காரணம் தெரிகிறது, மறுத்தவர் யார் என்றும் தெரிகிறது. நீதிமன்றத்தில் இதைச் சாட்சியம் என்று எடுத்து வைத்துக் குறுக்கு விசாரணை செய்யலாம். "எல்லாம் ஒரே கை" என்பதை எந்தக் கூண்டில் ஏற்றுவது?

எனக்கு இந்த விஷயத்தில் கண் திறந்தது வேறொரு கதையில். 1983 ஜூலையில் டெல்லியிலிருந்து வந்துகொண்டிருந்த 'பேட்ரியாட்' என்ற ஆங்கில நாளிதழில் பெயரில்லாத கடிதம் ஒன்று வந்தது. எழுதியவர் பிரபல அமெரிக்க விஞ்ஞானியாம். எய்ட்ஸ் கிருமியை அமெரிக்க ராணுவம் ஃபோர்ட் டெட்ரிக் ஆய்வுக்கூடத்தில் செய்தது, அடுத்த சோதனை பாகிஸ்தானில், அங்கிருந்து இந்தியாவுக்கு வரும் என்று கடிதம் சொன்னது. இரண்டு வருஷம் அது தூங்கியது. 1985-ல் சோவியத் வார இதழ் ஒன்று, இந்தியப் பத்திரிகையில் வந்திருக்கிறது பாருங்கள் என்று அதையே ஆதாரமாகக் காட்டிப் பெரிதாக எழுதியது. பிறகு கிழக்கு ஜெர்மனியைச் சேர்ந்த ஒரு பேராசிரியர் விஞ்ஞானப் பூச்சு பூசினார். 1987-க்குள் எண்பது நாடுகளுக்கு மேல் போய்ச் சேர்ந்தது. 1992-ல் ரஷ்ய உளவுத்துறைத் தலைவர் பிரிமகோவ், இதைக் கிளப்பியது சோவியத் உளவுத்துறையான கே.ஜி.பி. என்று ஒத்துக்கொண்டார்.

இதைத் திரும்ப ஒரு முறை படியுங்கள். "அமெரிக்க உளவுத்துறை சதி" என்ற கதையைக் கட்டியதே இன்னொரு உளவுத்துறை. அதை விதைக்க அவர்கள் தேர்ந்தெடுத்த மண் நம் மண். உளவுத்துறையை நம்பாதவன் நான் என்று நெஞ்சை நிமிர்த்தி அந்தக் கடிதத்தை அடுத்தவரிடம் காட்டிய ஒவ்வொருவரும், தெரியாமலே ஒரு உளவுத்துறைக்குச் சம்பளமில்லாமல் வேலை பார்த்தார்கள். மாமாவிடம் இதைச் சொல்லுங்கள் நொய்யல்கரை. சதி இல்லை என்று வாதாடாதீர்கள், அவருக்குக் கோபம்தான் வரும். அனுப்பியது யார் என்று கேட்கச் சொல்லுங்கள்.

---

திம்பம்27 (தாளவாடி) | திங்கள், காலை 11:20

வீரப்பன் பேர் வந்ததால் எழுதுகிறேன். நான் தாளவாடி மலைக்காரன். 2000 ஜூலை 30 ராத்திரி கன்னட நடிகர் ராஜ்குமாரைத் தொட்டகாஜனூர் வீட்டிலிருந்து வீரப்பன் கடத்திக்கொண்டு போனபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் மலையில் கன்னடம் பேசுகிறவர்கள்தான் அதிகம். ஒரே பெஞ்சில் நான் தமிழ், பக்கத்தில் இருப்பவன் கன்னடம். மறுநாள் காலையில் மைசூர் பக்கம் போகிற பஸ் இல்லை. திம்பத்தில் இருபத்தேழு கொண்டை ஊசி வளைவிலும் போலீஸ் வண்டி ஏறிக்கொண்டே இருந்தது. 108 நாள். அந்த 108 நாளும் தினம் ஒரு புதுக் கதை. பணம் கைமாறியது, அந்த முதல்வர் கொடுத்தார், இந்த முதல்வர் கொடுத்தார், ராவே ஏற்பாடு செய்தது, ராஜ்குமார் காட்டில் இல்லவே இல்லை, சென்னையில் இருக்கிறார். எல்லாக் கதைக்கும் நேரில் பார்த்த ஆள் ஒருவர் இருந்தார். போய்க் கேட்டால் அவருக்கு இன்னொருவர் சொன்னதாக இருக்கும்.

2004 அக்டோபர் 18, பாப்பாரப்பட்டியில் போலீஸ் வீரப்பனைச் சுட்டுக் கொன்றது. "முந்தியே விஷம் வைத்துக் கொன்றுவிட்டு வண்டியில் போட்டுச் சுட்டார்கள்" என்று எங்கள் பக்கம் இன்னும் சொல்வார்கள். நான் யோசித்துப் பார்ப்பது வேறு. போலீஸ் தரப்பே சொல்லும் கதையைக் கேளுங்கள். கண் ஆபரேஷனுக்குப் போகலாம் என்று அவனை நம்ப வைத்தார்கள். வந்த ஆம்புலன்ஸ் அவர்களுடையது, ஓட்டியவரும் அவர்கள் ஆள். பல மாதம் வேறு பெயரில் பழகி அவன் நம்பிக்கையைப் பெற்றிருந்தார்கள். இதைவிடப் பெரிய சதி என்ன வேண்டும்? அதைச் செய்தவர்களே வெளிப்படையாகப் பேட்டி கொடுத்தார்கள், பதக்கமும் வாங்கினார்கள். அதன் மேல் விஷத்தை எதற்கு ஊற்றுகிறோம் என்று எனக்குப் புரியவில்லை.

எனக்கு வலிக்கிற இடம் இன்னொன்று. வீரப்பன் வேட்டை என்ற பெயரில் மலைவாழ் மக்களை என்ன செய்தார்கள் என்று விசாரிக்க மனித உரிமை ஆணையம் நீதிபதி சதாசிவா தலைமையில் குழு போட்டது. மாதேஸ்வரன் மலையில் 'ஒர்க்‌ஷாப்' என்றே ஒரு இடத்துக்குப் பெயர், சித்திரவதை செய்கிற இடம். சாட்சி சொன்னது ஊர் பேர் உள்ள ஆட்கள், பெண்களும் உண்டு. குழு அறிக்கை கொடுத்தது, 2007-ல் ஒரு பகுதிப் பேருக்கு நிவாரணத்துக்கு உத்தரவும் வந்தது. விஷக் கதையைச் சொன்ன நூறு பேரில் ஒருவர் கூட அந்த அறிக்கையைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. இது நடந்தது, காகிதத்தில் இருக்கிறது, பாதிக்கப்பட்டவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். அதை விட்டுவிட்டு நடக்காததைப் பிடித்துக்கொண்டு இருபது வருஷமாகப் பேசுகிறோம்.

---

சோமனூர் தறி | திங்கள், மதியம் 1:02

திம்பம் அண்ணா, படித்துவிட்டுத் தறியை நிறுத்திச் சித்த நேரம் உட்கார்ந்துவிட்டேன். அந்த அறிக்கையைத் தமிழில் யாராவது சுருக்கிப் போட்டால் எங்கள் குரூப்பில் எல்லாம் அனுப்புகிறேன்.

---

செம்மண்காடு (ஈரோடு மாவட்டம்) | திங்கள், மாலை 6:45

நான் ஒரு விவசாயக் குடும்பத்து மருமகள். இதற்கு இன்னொரு பக்கம் இருக்கிறது, அதை அனுபவித்தவள் என்பதால் சொல்கிறேன்.

2013-ல் கெயில் எரிவாயுக் குழாய் நம் ஏழு மாவட்டத்து விளைநிலத்தின் வழியே வந்தது. கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி. குழாய் போன இடத்தில் மரம் வைக்கக்கூடாது, கிணறு வெட்டக்கூடாது. நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோங்கள் என்பதுதான் எங்கள் கோரிக்கை. அன்றைய மாநில அரசும் அதையே சொன்னது. உயர் நீதிமன்றத்தில் நிற்கவில்லை, 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் கெயில் பக்கம் தீர்ப்புச் சொன்னது. சரி, தீர்ப்பு தீர்ப்புதான்.

நாங்கள் உட்கார்ந்திருந்த பந்தலுக்கு ஒரு நாள் பேண்ட் சட்டை போட்ட இரண்டு பேர் வந்தார்கள். எங்கிருந்து வருகிறார்கள் என்று சொல்லவில்லை. என் மாமனாரிடம் உட்கார்ந்து மோர் வாங்கிக் குடித்துவிட்டு, "எந்த அமைப்பு பணம் கொடுக்கிறது, வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் யாராவது வந்தார்களா" என்று கேட்டார்கள். மாமனாருக்குக் கேள்வியே புரியவில்லை. தேங்காய் விற்ற காசில் வேன் வாடகை கொடுத்திருந்தார். அரிசி வீட்டுக்கு ரெண்டு படி. அதைத்தான் சொன்னார். அவர்கள் எழுதிக்கொள்ளவே இல்லை. வேறு பதிலை எதிர்பார்த்து வந்தவர்கள் போல இருந்தது.

2012-ல் கூடங்குளம் அணு உலை எதிர்ப்புப் போராட்டத்தைப் பற்றிப் பிரதமரே அமெரிக்கத் தொண்டு நிறுவனங்கள்தான் பின்னால் இருக்கின்றன என்று பேட்டி கொடுத்தார். 2014 ஜூனில் ஐ.பி. அறிக்கை ஒன்று வெளியே கசிந்தது. வெளிநாட்டுப் பணம் வாங்கும் அமைப்புகளின் போராட்டங்களால் நாட்டின் வளர்ச்சி வருஷத்துக்கு 2 முதல் 3 சதவீதம் குறைகிறது என்று அதில் இருந்தது. அந்தக் கணக்கை எப்படிப் போட்டார்கள் என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை. எல்லாருக்கும் பின்னால் ஒரு கை இருக்கிறது என்று வாட்ஸ்அப் மாமா சொன்னால் சதிக் கதை என்கிறோம். அதையே உளவுத்துறை தாளில் அடித்தால் அறிக்கை என்கிறோம். வக்கீல் அண்ணா, இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

---

ராம்நகர் வக்கீல் (கோவை) | திங்கள், இரவு 8:30

வித்தியாசம் ஒன்றுதான் அம்மா. மாமாவின் கதையால் பயம் பரவும். அறிக்கையால் ஆட்சியே போகும். 1991 ஜனவரி 30 அன்று தமிழ்நாட்டில் தி.மு.க. ஆட்சியைக் கலைத்தார்கள். ஆளுநர் பர்னாலா அறிக்கை கொடுக்க மாட்டேன் என்றார். மத்திய அரசு தன்னிடம் இருந்த உளவுத் தகவல்களை, புலிகளுக்கு இடம் கொடுத்தார்கள் என்பதை, காரணமாகக் காட்டியது. அந்தக் குறிப்புகளை வாக்காளர் யாரும் பார்க்கவில்லை. கலைத்த பிரதமர் சந்திரசேகரின் ஆட்சியே ஐந்து வாரத்தில், மார்ச் 6-ல், போனது. ராஜீவ் வீட்டு வாசலில் வேவு பார்த்ததாக ஹரியானா போலீஸ்காரர்கள் இரண்டு பேர் பிடிபட்டார்கள், காங்கிரஸ் ஆதரவை விலக்கும் என்ற நிலை வந்தது, பிரதமர் ராஜினாமா செய்தார். அதற்கும் முன்பு 1988-ல் கர்நாடகத்தில் ஹெக்டே போன் ஒட்டுக்கேட்பு விவகாரத்தில்தான் முதல்வர் பதவியை விட்டார்.

இதையெல்லாம் கட்டுப்படுத்தச் சட்டம் என்ன இருக்கிறது என்று பார்த்தால் நெஞ்சு பதறும். ஐ.பி. தொடங்கியது 1887-ல், வெள்ளைக்காரன் போட்ட ஒரு உத்தரவில். ரா தொடங்கியது 1968-ல், அதுவும் அரசாணைதான். இரண்டுக்கும் பாராளுமன்றம் இயற்றிய தனிச் சட்டம் கிடையாது. பிரிட்டன் தன் உளவு அமைப்புகளில் எம்.ஐ.5-க்கு 1989-லும் எம்.ஐ.6-க்கு 1994-லும் சட்டம் போட்டுவிட்டது. நாம் அவன் விட்டுப் போன அமைப்பை அவன் காலத்து நிலையிலேயே வைத்திருக்கிறோம். தகவல் உரிமைச் சட்டம் 2005-ல் வந்தபோது 24-வது பிரிவில் இவற்றுக்கு விலக்கு. ஊழல், மனித உரிமை மீறல் என்றால் மட்டும் கேட்கலாம். காங்கிரஸ் எம்.பி. மணீஷ் திவாரி 2011-ல் இவற்றைச் சட்டத்துக்குள் கொண்டுவரத் தனிநபர் மசோதா போட்டார், அது சட்டமாகவில்லை. போன் ஒட்டுக்கேட்பில் 1996-ல் உச்ச நீதிமன்றம் சில விதிகளைச் சொன்னது. 2021-ல் போனுக்குள் புகுந்து வேவு பார்க்கும் பெகாசஸ் மென்பொருள் விவகாரம் வந்தது. நீதிமன்றமே நிபுணர் குழு போட்டது. 29 போன்களைப் பார்த்து ஐந்தில் ஏதோ ஒரு உளவு மென்பொருள் இருக்கிறது, பெகாசஸ்தானா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று 2022-ல் சொன்னார்கள். அரசு ஒத்துழைக்கவில்லை என்றும் குழு சொன்னதாக நீதிபதிகள் குறிப்பிட்டார்கள்.

அமெரிக்காவில் ஒழுங்காக நடந்தது என்று சொல்ல வரவில்லை. 1971 மார்ச் 8 ராத்திரி நாடே முகமது அலி – ஜோ ஃப்ரேசியர் குத்துச்சண்டையில் மூழ்கியிருந்தபோது, மீடியா என்ற சின்ன ஊரில் அமெரிக்க உள்நாட்டுப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ. அலுவலகத்தின் பூட்டை உடைத்துச் சில சாமானியர்கள் கோப்புகளை அள்ளிப் பத்திரிகைகளுக்கு அனுப்பினார்கள். போராட்டக்காரர்களுக்குள் புகுந்து கெடுக்க எஃப்.பி.ஐ. வைத்திருந்த ரகசியத் திட்டம் அப்படித்தான் வெளியே வந்தது. மார்ட்டின் லூதர் கிங்குக்குத் தற்கொலைக்குத் தூண்டும் மொட்டைக் கடிதம் எழுதியதும் அவர்கள்தான். ஆனால் 1975-ல் அவர்களின் செனட் சபை சர்ச் குழுவைப் போட்டு எல்லாரையும் உட்கார வைத்துக் கேள்வி கேட்டது. நமக்கு எமர்ஜென்சிக்குப் பிறகு அந்தக் கால அத்துமீறல்களை விசாரிக்க ஷா கமிஷன் வந்தது. அதற்கு மேல் போகவில்லை.

கோப்பைப் பூட்டி வைக்கிறவரைக்கும் கதை வளரும். நேதாஜி விஷயம் பாருங்கள். அவர் குடும்பத்தை 1948-லிருந்து இருபது வருஷம் ஐ.பி. வேவு பார்த்தது, கடிதங்களைப் பிரித்துப் படித்தது. 2015-ல் கோப்பு வெளியே வந்ததும்தான் தெரிந்தது. ஏதோ மறைக்கிறார்கள் என்று சொன்னவர்கள் அந்த ஒரு விஷயத்தில் சரி. அதை வைத்து, அவர் விபத்தில் சாகாமல் பிறகு சாமியாராக ஒளிந்து வாழ்ந்தார் என்ற கதையும் நிஜம் என்று சொல்ல முடியாது. முதலிலேயே கோப்பைத் திறந்திருந்தால் அந்தச் சாமியாருக்கே இடம் இருந்திருக்காது.

---

விழித்திருப்போன் (சேலம்) | திங்கள், இரவு 9:12

21 மில்லியன் பற்றிய இரண்டாவது செய்தி எங்கள் குரூப்பில் வரவில்லை. தேடிப் பார்த்தேன், நீங்கள் சொன்னது இருக்கிறது. அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ராஜீவ் விஷயத்தில் 'பெரிய சதி'யை விசாரிக்க அவர்களே 1998-ல் தனி அமைப்பு போட்டார்கள், 2022-ல் கலைத்தார்கள். இருபத்து நாலு வருஷத்தில் மக்களிடம் என்ன சொன்னார்கள்? நான் கேள்வி கேட்பது தப்பா?

---

ராம்நகர் வக்கீல் (கோவை) | திங்கள், இரவு 9:20

தப்பே இல்லை தம்பி. அந்தக் கேள்வியை நானும் உங்களோடு சேர்ந்து கேட்கிறேன். பதில் வரும் முன்பே பதிலை எழுதி அனுப்புவதுதான் தப்பு.

---

பழைய ஏட்டு | செவ்வாய், காலை 5:50

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். நான் கொங்குப் பகுதியில் ஒரு காவல் நிலையத்தில் தனிப்பிரிவு ஏட்டாகப் பல வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன். எந்த நிலையம் என்று கேட்காதீர்கள்.

உளவு என்றால் நீங்கள் நினைப்பது வேறு. எனக்கு ஒரு டி.வி.எஸ். 50, மஃப்டி, சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு. காலையில் பஸ் ஸ்டாண்டு டீக்கடை. சுவரில் புது போஸ்டர் ஒட்டியிருக்கிறதா, எந்தக் கட்சி, எந்த அச்சகம். மில்லில் போனஸ் தகராறு. கோயில் நோம்பியில் முதல் மரியாதை யாருக்கு என்ற சண்டை. சாயங்காலம் கூட்டம் என்றால் பின் வரிசையில் நின்று தலையை எண்ணுவேன். ராத்திரி மேலே சொல்ல வேண்டும். பத்தில் எட்டு தகவல் மறுநாள் பேப்பரில் வருவதுதான்.

நூறு நிலையத்திலிருந்து இப்படிப் போவதைச் சேர்த்துச் சுருக்கி, காலையில் முதல்வர் மேசையில் ஒரு தாளாக வைப்பார்கள். ஆட்சி யாருடையது என்றாலும் இதுதான் நடைமுறை. அவருக்கு ஊர் தெரிவது அந்தத் தாள் வழியாகத்தான். தேர்தல் நெருங்கினால் எந்தத் தொகுதியில் யாருக்கு வாய்ப்பு, எந்தச் சாதி எந்தப் பக்கம் என்று கேட்பார்கள். அது அரசாங்கத்துக்கா, ஆளும் கட்சிக்கா என்று நாங்கள் கேட்டதில்லை. கேட்கவும் முடியாது. உளவுத்துறையின் கை அரசியலில் எங்கே இருக்கிறது என்றால் எனக்குத் தெரிந்தவரை அங்கேதான் இருக்கிறது. குண்டு, விஷம் எல்லாம் இல்லை. ஒரு தாளில் என்ன எழுதுகிறோம், என்ன எழுதாமல் விடுகிறோம் என்பதில் இருக்கிறது.

செம்மண்காடு அம்மா கேட்ட கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. பல வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை.

எங்கள் எல்லைக்குள் ஒரு டியூஷன் வாத்தியார் இருந்தார். கணக்கு நன்றாகச் சொல்லிக்கொடுப்பார். தபாலில் இடதுசாரிப் பத்திரிகைகள் வரவழைப்பார். ராத்திரி அவர் வீட்டில் நாலைந்து பையன்கள் உட்கார்ந்து பேசுவார்கள். அந்தச் சமயம் மேலே இருந்து "தீவிரவாத எண்ணம் உள்ளவர்கள் பற்றி விவரம் அனுப்பு" என்று நெருக்கினார்கள். என் நோட்டில் யாரும் இல்லை. யாரும் இல்லை என்று எழுதினால் வேலை பார்க்கவில்லை என்பார்கள். "மேற்படி நபருக்குத் தீவிர எண்ணம் கொண்ட சிலருடன் தொடர்பு இருக்கலாம் எனத் தெரிகிறது" என்று எழுதினேன். பொய் எழுதவில்லை, 'இருக்கலாம்' என்றுதானே எழுதினேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த மேசையில் 'இருக்கலாம் எனத் தெரிகிறது' என்பதை 'உள்ளது' என்று மாற்றிவிட்டார்கள். அதற்கு அடுத்த மேசையில் 'நம்பத்தகுந்த வட்டாரங்களின்படி' என்று முன்னால் சேர்ந்தது. அந்த நம்பத்தகுந்த வட்டாரம் நான்தான்.

அவருக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்து பாஸ்போர்ட் விசாரணை வந்தபோது அந்த வரி குறுக்கே நின்றது. அப்போதுதான் என் வரி என்ன ஆகியிருக்கிறது என்று நானே பார்த்தேன். திருத்தச் சொல்லி மேலே போய்ப் பேசினேன். "எழுதினதே நீதானே" என்றார்கள்.

---

நொய்யல்கரை (திருப்பூர்) | செவ்வாய், காலை 8:15

ஏட்டய்யா, இதை எழுத எவ்வளவு மனது வேண்டும் என்று தெரியும். கும்பிட்டுக்கொள்கிறேன்.

நேற்று ராத்திரி மாமாவைக் கூப்பிட்டு அந்த 1983 கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தப் பேப்பர்காரனுக்குத் தெரியுமா கண்ணு, யார் கொடுத்த கடிதம்னு?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை என்றேன். "அதைத்தான் முதல்ல பார்க்கோணும்" என்றார். முப்பது வருஷம் வவுச்சர் பார்த்தவரின் குரலை அப்போதுதான் திரும்பக் கேட்டேன். 2023-ல் போன ஐந்து பேரில் மூன்று பேர் திரும்பி வந்தார்கள். போனை நீட்டிய அந்தக் கட்டிங் பையன் வரவில்லை.

---

செம்மண்காடு (ஈரோடு மாவட்டம்) | செவ்வாய், காலை 9:40

ஏட்டய்யா, அந்த வாத்தியாருக்குப் பாஸ்போர்ட் கிடைத்ததா?

---

பழைய ஏட்டு | செவ்வாய், இரவு 9:05

கிடைத்தது அம்மா. ஒன்றரை வருஷம் கழித்து, கோர்ட்டுக்குப் போய் வாங்கினார். அதற்குள் அந்த வேலைக்கு வேறு ஆள் எடுத்துவிட்டார்கள். இன்னும் அதே வீட்டில்தான் டியூஷன் எடுக்கிறார். என் பேரன் அவரிடம்தான் கணக்கு படிக்கிறான். கொண்டுபோய் விடுவது என் மகன். நான் தெருமுனை வரைக்கும் போவேன், அதற்கு மேல் போனதில்லை.